மாங்காய் வரத்துக்குள் மென்பொருள்: டிஜிட்டல் திட்டங்கள் தடுமாறும் இடங்கள்

கிருஷ்ணகிரியிலும் பர்கூரிலும் காவேரிப்பட்டணத்திலும் சிறு ஆலை, கடை, பள்ளி, கூட்டுறவுச் சங்கம் என்று எதை நடத்துபவராக இருந்தாலும், தமக்கென ஒரு செயலியையோ இணையதளத்தையோ கணக்கு மென்பொருளையோ செய்து வாங்க வேண்டிய தேவை இன்று வந்துவிடுகிறது. இதுவரை கையாலும் நோட்டுப் புத்தகத்தாலும் நடந்துவந்த ஒரு வேலையை, குறிப்பிட்ட தேதிக்குள், குறிப்பிட்ட செலவுக்குள், கணினி வழியாக நடக்கும்படி மாற்றித் தரும் முயற்சியைத்தான் டிஜிட்டல் திட்டம் என்கிறோம். அதில் நிரல், அதாவது கணினிக்கான கட்டளைகளை, எழுதுவது ஒரு பகுதி மட்டுமே. எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுப்பதும், பழைய கணக்கைப் புதிய இடத்துக்குக் கொண்டு செல்வதும், பயன்படுத்தப் போகிறவர்களைப் பழக்குவதும், பின்னர் அதைப் பராமரிப்பதும் திட்டத்துக்குள்ளேதான் அடங்குகின்றன.

இத்தகைய திட்டம் ஒன்று பாதியில் நின்றுபோனால், பழி பெரும்பாலும் நிரல் எழுதியவர் மீது விழுகிறது. என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட தவறுகள் நிரலின் முதல் வரி எழுதப்படுவதற்கு முன்பே, வேலையை ஒப்படைப்பவரின் பக்கத்தில் விழுந்துவிடுகின்றன. ஆனால் அவை கண்ணுக்குத் தெரிவது கடைசி மாதத்தில்தான். வீடு கட்டும்போது சுவர் கோணலாக எழும்பினால் தெருவில் போகிறவர்கூடச் சொல்லிவிடுவார். மென்பொருளில் அந்த வசதி இல்லை. ஆகவே, நிரல் தெரியாதவரும் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய அறிகுறிகள் எவை என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

விளக்கத்துக்காக ஒரு மாங்கூழ் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். பருவத்தில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் சிறு சரக்கு வண்டிகளும் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். வண்டி எடைமேடையில் ஏறியதும் மொத்த எடை குறிக்கப்படும். சரக்கை இறக்கிய பிறகு வெறும் வண்டியின் எடை குறிக்கப்படும். அழுகல், அடிபட்டது, பிஞ்சு ஆகியவற்றுக்காகக் கழிவு பிடிக்கப்படும். மீதிக்குச் சீட்டு தரப்படும். அந்தச் சீட்டின் விவரங்கள் அடுத்த நாள் அலுவலகத்தில் எக்செல் கோப்பில் ஏற்றப்பட்டு, சில நாள்கள் கழித்து விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் பணம் போகும். இதையெல்லாம் ஒரே மென்பொருளாக மாற்ற வேண்டும் என்று ஆலை உரிமையாளர் டிசம்பரில் முடிவெடுக்கிறார். மாங்காய் யாருக்காகவும் காத்திருக்காது. மே மாதத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

எதற்காகச் செய்கிறோம்?

முதல் தவறு "எங்களுக்கு ஓர் ஆப் வேண்டும்" என்று தொடங்குவது. ஆப் என்பது விடை. கேள்வி என்ன என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. சீட்டைத் தொலைத்துவிட்ட விவசாயி நகல் கேட்டு மறுபடி மறுபடி அலுவலகத்துக்கு அலைவதைக் குறைக்க வேண்டுமா, எடை போட்ட நாளுக்கும் பணம் சேரும் நாளுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்க வேண்டுமா, அல்லது எடைமேடையில் நடக்கும் கணக்குப் பிழைகளைப் பிடிக்க வேண்டுமா என்பதைப் பொறுத்து செய்ய வேண்டிய வேலையே மாறிவிடும். இரண்டாவதுதான் உண்மையான தேவை என்றால், விவசாயியின் கைபேசியில் எந்தச் செயலியும் தேவைப்படாமல், அலுவலகக் கணினியில் ஒரு நல்ல கணக்கு மென்பொருளே போதுமானதாக இருக்கக்கூடும். பருவம் முடிந்த பிறகு எந்த ஒன்று குறைந்திருந்தால் அல்லது கூடியிருந்தால் இந்தச் செலவு வீணாகவில்லை என்று ஒப்புக்கொள்வீர்கள் என்ற கேள்விக்கு, உரிமையாளர் ஓர் எண்ணோடு பதில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் முன்பணம் கொடுப்பதற்கான நேரம் இன்னும் வரவில்லை.

எடைமேடையில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டார்களா?

இரண்டாவது தவறுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது என்பது என் கருத்து. வேலையை ஒப்படைப்பவர் ஒருவர். அன்றாடம் பயன்படுத்தப் போகிறவர் வேறொருவர். உரிமையாளர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தாம் நினைக்கிறாரோ அப்படி விவரிக்கிறார்; நிரலாளர் அதைக் குறித்துக்கொண்டு போய்விடுகிறார். வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பது எடைமேடைக் கூண்டுக்குள் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்குத்தான் தெரியும்.

நம் கற்பனை ஆலையில் உரிமையாளர், "ஒரு வண்டி, ஒரு விவசாயி, ஒரு சீட்டு, கழிவு இத்தனை சதவீதம்" என்று சொல்லியிருப்பார். நிரலாளரும் வண்டி எண்ணை அடித்தால் ஒரு விவசாயியின் பெயர் வரும்படி திரையை அமைத்திருப்பார். எடைமேடையில் ஓர் இரவு உட்கார்ந்து பார்த்திருந்தால் வேறு காட்சி தெரிந்திருக்கும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூவர் வாடகையைப் பகிர்ந்துகொண்டு ஒரே வண்டியில் சரக்கு ஏற்றி வருகிறார்கள். முதலாமவரின் சரக்கை இறக்கியதும் வண்டி மறுபடி எடைமேடைக்கு வருகிறது; இரண்டாமவரின் சரக்கை இறக்கியதும் மறுபடி வருகிறது; ஆக, ஒரே வண்டிக்கு நான்கு எடைகளும் மூன்று சீட்டுகளும் உண்டு. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரி கொண்டுவரும் சரக்கென்றால், சீட்டு ஒருவர் பெயரிலும் பணம் இன்னொருவர் கணக்கிலும் போக வேண்டியிருக்கும். கழிவோ எழுதிவைத்த சதவீதப்படி பிடிக்கப்படுவதில்லை. மேற்பார்வையாளர் சரக்கைக் கிளறிப் பார்த்து, மழையில் நனைந்ததா, பாதி பழுத்ததா என்று கணித்து ஓர் எண்ணைச் சொல்வார், சில நேரம் வாக்குவாதத்துக்குப் பின் அதைக் குறைக்கவும் செய்வார். இவற்றில் எதற்கும் அந்தத் திரையில் இடம் இல்லை.

இப்படிப்பட்ட மென்பொருள் மே மாதத்தில் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். எழுத்தர் ஒரே வண்டி எண்ணுக்குப் பின்னால் 'அ', 'ஆ' என்று சேர்த்து மூன்று பொய்யான வண்டிகளை உருவாக்குவார், அல்லது பழைய நோட்டையே எழுதிவிட்டு விடிந்த பிறகு மொத்தமாகக் கணினியில் ஏற்றுவார். ஆட்கள் மென்பொருளை ஏமாற்றத் தொடங்கிவிட்டார்கள் என்றால், அது அவர்களுடைய சோம்பேறித்தனத்தைக் காட்டிலும் மென்பொருளின் அறியாமையையே அதிகம் காட்டுகிறது. இதைத் தவிர்க்கும் வழி எளியது, செலவும் இல்லாதது: நிரலாளர், பருவம் முடிவதற்குள், குறைந்தது ஒரு முழு இரவையாவது எடைமேடையில் கழிக்க வேண்டும். டிசம்பரில் வேலை தொடங்குகிறதென்றால் பருவம் போய்விட்டது. அப்போது சென்ற பருவத்தின் கிழிந்த சீட்டுகளையும் அடித்துத் திருத்திய நோட்டுகளையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருக்கும் இடத்தில்தான் விதிவிலக்குகள் ஒளிந்திருக்கும்.

எடைமேடையைப் பற்றிப் பேசும்போது அலகைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எடைமேடை கிலோவில் சொல்கிறது. விலை டன்னுக்குப் பேசப்படுகிறது. எடைக் கருவியிலிருந்து எண்ணை எடுப்பவர் ஒருவரும், பணக் கணக்கை எழுதுபவர் இன்னொருவருமாக இருந்து, இருவரும் ஒரே தாளில் அலகை எழுதி ஒப்புக்கொள்ளாவிட்டால் பிழை உறுதி. இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய்ப் பருவநிலைச் சுற்றுக்கலம் செவ்வாயை நெருங்கியபோது அழிந்துபோனதற்குக் காரணம், உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அலகில் தந்ததும், அதை வாங்கிக்கொண்ட மென்பொருள் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டதும்தான். இரண்டு குழுக்களும் திறமையானவர்களே. இரண்டுக்கும் இடையில் இருந்த இடைவெளிக்குத்தான் பொறுப்பாளர் இல்லை.

"தம்பி, இது ஒரு சின்ன மாற்றம்தானே?"

வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது உரிமையாளர் நிரலாளரைத் தொலைபேசியில் அழைத்து, வண்டி ஓட்டுநருக்கும் ஒரு குறுஞ்செய்தி போனால் நன்றாக இருக்குமே என்கிறார். அடுத்த வாரம் உரிமையாளரின் மைத்துனர் வந்து பார்த்துவிட்டு, காலிப் பீப்பாய்களின் இருப்பையும் இதிலேயே சேர்த்துவிடலாமே என்கிறார். கணக்கர், ஜிஎஸ்டி அறிக்கையும் இதிலிருந்தே வர வேண்டும் என்கிறார். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். நிரலாளரோ புதியவர், கட்டணம் பாக்கி இருக்கிறது, மறுத்தால் மனம் கோணுமோ என்று தயங்கி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். வேலையின் எல்லை இவ்வாறு சிறிது சிறிதாகப் பெருகுவதே டிஜிட்டல் திட்டங்களில் மிகப் பரவலான நோய்.

மாற்றமே கூடாது என்று சொல்ல வரவில்லை. வேலையைப் பார்க்கப் பார்க்கத்தான் தேவை தெளிவாகும், ஆகவே மாற்றம் வந்தே தீரும். தவறு, மாற்றத்தை இலவசமாக நினைப்பதில் இருக்கிறது. ஓட்டுநருக்குக் குறுஞ்செய்தி என்றால் ஓட்டுநரின் எண்ணை யார் எப்போது பதிவது, எண் தவறானால் என்ன செய்வது, ஒரே ஓட்டுநர் நாளைக்கு வேறு வண்டியில் வந்தால் என்ன ஆகும் என்று மூன்று கேள்விகள் கூடவே வருகின்றன. ஒரு பொதுவான தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய கோரிக்கையையும் தேதி, கேட்டவர், கூடுதலாகும் நாள்கள், கூடுதலாகும் பணம், அதற்குப் பதிலாகத் தள்ளிவைக்கப்படும் வேலை ஆகியவற்றோடு எழுதி, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்குவது என்று வைத்துக்கொண்டால், பாதிக் கோரிக்கைகள் எழுதும்போதே உதிர்ந்துவிடும். மே மாதத்தில் கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லது, அடுத்த பருவத்துக்கு என்று மூன்று குவியல்களாகப் பிரித்துக்கொள்வதும் உதவும். முதல் குவியலில் முக்கால்வாசி வந்து விழுந்தால் பிரித்தது பிரித்ததாகாது.

தொலைபேசியில் பேசி முடித்த எதையும் அன்றைக்கே நான்கு வரியில் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்ப வேண்டும். குரல் பதிவு போதாது. மூன்று மாதம் கழித்து யாரும் நாற்பது குரல் பதிவுகளைத் தேடிக் கேட்கப் போவதில்லை.

நாள் கணக்கும் மறைந்திருக்கும் காத்திருப்பும்

எவ்வளவு நாளாகும் என்ற கேள்விக்கு மனிதர்கள் தரும் பதில் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இந்தப் போக்குக்குத் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டார்கள்: இதற்கு முன்பு இதே போன்ற வேலைகள் எவ்வளவு நாள் இழுத்தன என்று தெரிந்திருந்தும், இந்த முறை எல்லாம் நினைத்தபடி நடக்கும் என்ற கற்பனையின் மீதே நாம் கணக்குப் போடுகிறோம். மாற்று வழி, இந்த வேலை எத்தனை நாள் ஆகும் என்பதை விட்டுவிட்டு, நீங்கள் கடைசியாகச் செய்த இதே அளவு வேலை தொடக்கத்திலிருந்து கடைசி வரை எத்தனை நாள் எடுத்தது என்று நிரலாளரிடம் கேட்பது. இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைகளின் வித்தியாசம் உங்களை வியக்க வைக்கும்.

அதைவிட முக்கியமாக, நம் கையில் இல்லாத காத்திருப்புகளை நாள் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. விவசாயிக்கு "உங்கள் சரக்கு இத்தனை கிலோ" என்று குறுஞ்செய்தி அனுப்புவது நிரலாளருக்கு அரை நாள் வேலையாக இருக்கலாம். ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் தன்னையும், அனுப்புநர் பெயரையும், அனுப்பப் போகும் செய்தியின் மாதிரியையும் டிஎல்டி எனப்படும் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் பெற்றாக வேண்டும். ஆவணத்தில் ஆலையின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரலாம். மே முதல் வாரத்தில் இதைத் தொடங்குகிறவர், மாங்காய் வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒப்புதலுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

தமிழில் செய்தி அனுப்ப வேண்டும் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான கணினி எழுத்துமுறையான யூனிகோடில் தமிழை அனுப்பினால் 70 மட்டுமே. அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் ஆகா. 'மாரியப்பன்' என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினி துணைக்காலையும் மேல்விலங்கையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு அது பத்து. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம் ஆகும். பெயர், வண்டி எண், எடை, கழிவு, தேதி எல்லாவற்றையும் மரியாதையான முழு வாக்கியத்தில் எழுத ஆசைப்பட்டால், ஒரு செய்திக்குத் திட்டமிட்ட செலவு மூன்று மடங்காகிவிடும்.

செயலியைக் கூகுள் பிளே ஸ்டோரில் வெளியிடுவதும் இவ்வாறே. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் பெயரில் தொடங்கப்பட்ட கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள்கள் சோதித்துப் பார்த்த பிறகே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். பணப் பரிமாற்றச் சேவையை இணைக்க வங்கித் தரப்பின் ஆவணச் சரிபார்ப்பு நடக்க வேண்டும். இவை எவையும் கடினமான வேலைகள் அல்ல. முதல் வாரத்திலேயே தொடங்கியிருந்தால் யாருக்கும் தெரியாமல் முடிந்திருக்கக்கூடியவை. ஆகவே திட்டத்தின் முதல் நாளில், "இதில் நம்மைத் தவிர வேறு யாருடைய ஒப்புதல் தேவைப்படும்?" என்ற கேள்விக்கு விடை எழுதி, அந்த விண்ணப்பங்களை நிரலுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும்.

தேதி நெருங்கிவிட்டது, வேலை முடியவில்லை என்றதும் உரிமையாளர்களுக்குத் தோன்றும் முதல் தீர்வு இன்னும் இரண்டு ஆள்களைப் போடுவது. மாங்காய் இறக்குவதற்கு அது சரி. ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்னும் பெரும் மென்பொருளின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இல் எழுதினார். புதிதாக வருபவருக்கு ஏற்கெனவே இருப்பவர்தான் எல்லாவற்றையும் விளக்க வேண்டும். அந்த நேரம் வேலை நிற்கிறது. மேலும் நான்கு பேர் இருக்கும் குழுவில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய இணைப்புகள் 6; எட்டுப் பேரானால் 28. ஆள் இரண்டு மடங்கு, பேச்சு ஏறக்குறைய ஐந்து மடங்கு. பருவம் நெருங்கிய நேரத்தில் செய்யத்தக்கது, மூன்று குவியல்களில் முதல் குவியலை இன்னும் சிறிதாக்குவதுதான்.

பழைய கணக்கு என்னும் புதைகுழி

புதிய மென்பொருளுக்குப் பழைய விவரங்களை மாற்றும் வேலையை ஒப்பந்தத்தில் ஒரு வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள்தான் பல திட்டங்கள் மூழ்குகின்றன, ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

நம் ஆலையின் விவசாயிகள் பட்டியல் எக்செலில் இருக்கிறது. அதைத் திறந்து வடிகட்டிப் பார்த்தால், ஒரே ஊர் 'காவேரிப்பட்டணம்', 'காவேரிப்பட்டினம்', 'கே.பட்டணம்' என்று மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். மென்பொருளுக்கு அவை மூன்று ஊர்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முந்தைய பதிவேட்டிலிருந்து வந்த முகவரிகளில் பர்கூரும் போச்சம்பள்ளியும் தருமபுரி மாவட்டத்தில் இருக்கும். அந்தத் தருமபுரியும் பாதி இடங்களில் 'தர்மபுரி' என்று இருக்கும். ஒரே விவசாயி ஒரு வரியில் முன்னெழுத்தோடும் இன்னொரு வரியில் தகப்பனார் பெயரோடும் இரண்டு பேராக உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் தனித்தனியே முன்பணம் எழுதப்பட்டிருந்தால், எது எதில் கழிக்கப்பட்டது என்பது கணக்கரின் நினைவில் மட்டுமே இருக்கும்.

இன்னும் பழைய கோப்பு என்றால் பெயர்கள் பாமினி அல்லது வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் தமிழாகத் தெரிவது, மற்ற இடங்களில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது அதுவேதான். அதை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் ஒரே கோப்பில் இரண்டு எழுத்துருக்களும் நடுநடுவே உண்மையான ஆங்கிலமும் கலந்திருந்தால் மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியாகக் கண்ணால் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பணம் சம்பந்தப்பட்ட ஆபத்து வங்கிக் கணக்கு எண்ணில் இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும். கணக்கு எண்ணை எழுத்தாகக் குறிக்காமல் சாதாரண எண்ணாக அடித்தால், பதினாறாவது இலக்கம் ஓசையில்லாமல் சுழியமாக மாறிவிடும். முதலில் சுழியம் இருந்தால் அதுவும் காணாமல் போகும். எந்த எச்சரிக்கையும் வராது. சீட்டைப் பார்த்துக் கையால் எழுதி வங்கிக்கு அனுப்பிவந்த காலம் வரை இது வெளியே தெரியவில்லை; புதிய மென்பொருள் அந்தக் கோப்பையே நம்பிப் பணம் அனுப்பத் தொடங்கும் நாளில்தான் தெரியும். அன்றைக்குப் பழி புதிய மென்பொருள் மீது விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனவே, ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே பழைய கோப்பிலிருந்து ஏதேனும் நூறு வரிகளை எடுத்து, நிரலாளரும் கணக்கரும் அருகருகே உட்கார்ந்து, பெயர், ஊர், கைபேசி எண், கணக்கு எண் ஆகியவற்றை வங்கிப் புத்தக நகலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நூறில் எத்தனை பழுது என்று தெரிந்துவிட்டால் மொத்தத்தையும் சுத்தம் செய்ய எத்தனை நாள் தேவை என்பதும் தெரிந்துவிடும். இந்த வேலையைச் செய்ய வேண்டியவர் ஆலையின் கணக்கரே. எந்த மாரியப்பன் எந்த மாரியப்பன் என்பது நிரலாளருக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூறு சதவீதம் முடிந்த வேலை

"எவ்வளவு முடிந்திருக்கிறது?" என்று கேட்டால் "தொண்ணூறு சதவீதம்" என்று பதில் வரும். மூன்று வாரம் கழித்துக் கேட்டாலும் தொண்ணூறுதான். யாரும் பொய் சொல்லவில்லை. மீதிப் பத்தில் எடைக் கருவியோடு இணைப்பது, இணையம் அறுந்தால் என்ன செய்வது, தவறாகப் பதிந்த சீட்டை ரத்து செய்வது போன்ற முள்ளெல்லாம் சேர்ந்திருக்கும். சதவீதத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகின்ற மென்பொருளைக் காட்டச் சொல்ல வேண்டும். திரைப்படத் துணுக்கு போன்ற காணொளியோ படமோ போதாது. எழுத்தரே தம் கையால் ஒரு வண்டியை உள்ளே விட்டு, எடை போட்டு, கழிவு பிடித்து, சீட்டு எடுக்க வேண்டும். கட்டணத் தவணைகளையும் நாள்காட்டியின்படி பிரிக்காமல் இத்தகைய செயல்விளக்கங்களின்படி பிரித்தால் இரு தரப்புக்கும் நல்லது.

இதில் உரிமையாளர் செய்யும் தவறு ஒன்று உண்டு: கெட்ட செய்தி சொன்னவரைக் கடிந்துகொள்வது. ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை "ஒன்றும் பிரச்சினை இல்லைங்க" என்றுதான் சொல்வார். செயல்விளக்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருப்பது, எந்தக் கேள்விக்கும் சர்வர் பிரச்சினை என்ற ஒரே விடை வருவது, எழுத்தர் இன்னும் திரையையே பார்க்காமல் இருப்பது, சிறிய முடிவுக்குக்கூட உரிமையாளர் ஒருவரையே எல்லாரும் எதிர்பார்த்துக் கிடப்பது ஆகியவை தென்பட்டால், தேதி ஏற்கெனவே தவறிவிட்டது என்று கொள்ளலாம்.

ஒரே இரவில் மாறுவது

திட்டத்தின் கடைசித் தவறு, ஒரு நாள் இரவோடு பழையதை மூடிவிட்டு மறுநாள் காலை புதியதைத் திறப்பது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய மென்பொருளுக்கு ஒரே மூச்சில் மாற்றியது. அதைத் தொடர்ந்து சுமார் 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அத்தனை வசதி படைத்த வங்கிக்கே அந்த நிலை என்றால், ஜூன் மாத உச்ச வரத்தில் வாசலில் அறுபது வண்டிகளை நிறுத்திவைத்துக்கொண்டு புதிய மென்பொருளை முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பது எப்படி முடியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரத்து மெல்லத் தொடங்கும் முதல் நாள்களில் ஒரே ஒரு எடைமேடையில் தொடங்கி, நோட்டையும் கூடவே எழுதி, ஒவ்வொரு மாலையும் இரண்டின் கூட்டுத் தொகையையும் ஒப்பிட வேண்டும். இரட்டை வேலை என்று எழுத்தர் முணுமுணுப்பார், நியாயம்தான். அதற்குரிய கூடுதல் படியைக் கொடுத்துவிடலாம். எத்தனை நாள் தொடர்ந்து கணக்கு ஒத்துப்போனால் நோட்டை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். மின்சாரமோ இணையமோ போனால் அந்த நேரத்தில் எந்த நோட்டில் எழுதுவது, திரும்ப வந்ததும் யார் ஏற்றுவது என்பதையும்தான். மே மாதத்துக்குள் இந்த ஒப்பீடு சரியாக வரவில்லை என்றால், இந்தப் பருவத்தை நோட்டிலேயே ஓட்டிவிட்டு அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பது கௌரவக் குறைவு ஆகாது.

விவரங்கள் அழிந்தால் மீட்பதற்கான நகலை, அதாவது காப்புப்பிரதியை, எடுக்கிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள்; எடுத்ததிலிருந்து மீட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நிரலாளர்களுக்கே சேவை செய்யும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஊழியர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டபோது, அங்கிருந்த ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பத்தக்கதாக இயங்கவில்லை என்பது தெரியவந்தது. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஆறு மணி நேரப் பழைய நகலைக் கொண்டுதான் மீண்டார்கள். ஆகவே மாதம் ஒருமுறை காப்புப்பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, நேற்றைய சீட்டு ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

ஒப்படைப்பின்போது பார்க்க வேண்டியது உரிமை. இணையதள முகவரியான டொமைன் யார் பெயரில் பதியப்பட்டிருக்கிறது, இணையதளத்தை வைத்திருக்கும் இடத்துக்கான ஹோஸ்டிங் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது, பிளே ஸ்டோர் கணக்கும் டிஎல்டி பதிவும் யாருடைய கைபேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கின்றன, மூல நிரலின் முழு நகல் எங்கே இருக்கிறது, ஆண்டுக் கட்டணங்கள் எந்தெந்தத் தேதியில் வருகின்றன என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும். வேலையை எளிதாக்குவதற்காக நிரலாளர் எல்லாவற்றையும் தம் பெயரிலேயே திறந்திருப்பார். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போன பிறகு, டொமைன் காலாவதியாகும் நாளில் அவருடைய பழைய எண் அணைக்கப்பட்டிருக்கும். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பு, இந்தக் கணக்குகள் ஒவ்வொன்றிலும் உரிமையாளர் தாமே ஒருமுறை நுழைந்து பார்த்து, ஓடிபி ஆலையின் அலுவலகக் கைபேசிக்குத்தான் வருகிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.